கல் மெருகேற்ற எது தோது: கையா, உருளும் பேரலா, அதிரும் தொட்டியா?

கல் பொறுக்கி மெருகேற்றும் பொழுதுபோக்கில் இறங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். போட்டியில் மூன்று இருக்கின்றன. ஒன்று, உப்புத்தாளும் நம் கையும். இரண்டு, நாள்கணக்கில் உருண்டுகொண்டே இருக்கும் ரோட்டரி டம்ப்ளர். மூன்று, தொட்டியோடு சேர்த்துக் கற்களை அதிரவைக்கும் வைப்ரேட்டரி டம்ப்ளர். பெங்களூரில் ஃபிளாட்டில் குடியிருந்துகொண்டு, யுட்டிலிட்டி மூலையில் இருக்கிற ஒரே ஒரு பிளக் பாயிண்டை நம்பி இதைச் செய்யப்போகிறவருக்கு என் ஓட்டு ரப்பர் பேரல் வைத்த சின்ன ரோட்டரிக்கு. ஆனால் கையில் என்ன கல் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த ஓட்டு மாறும். சில கற்களுக்கு மெஷினே வேண்டாம், சில கற்களுக்கு எந்த மெஷினும் உதவாது. அதனால் கல்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன்னால், வேலை என்னவென்று சுருக்கமாக. மெருகேற்றுவது என்றால் கீறல்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவது. 60/90 என்று குறிக்கும் கொரகொரப்பான சிலிக்கான் கார்பைடு பொடி கல்லின் மூலைகளையும் பள்ளங்களையும் தேய்த்து எடுத்துவிட்டு, தன் பங்குக்குப் பெரிய கீறல்களைப் போடும். 120/220 அந்தக் கீறல்களை எடுத்துவிட்டுச் சின்னதாகப் போடும், 500 அதைவிட நுண்ணியதாக. கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மாவு விடுகிற கீறல் கண்ணுக்கே தெரியாது, பட்ட வெளிச்சம் சிதறாமல் திரும்பி வரும், அதைத்தான் பளபளப்பு என்கிறோம். இதில் முதல் கட்டம்தான் எல்லாம். அங்கே விட்டுப்போன ஒரு சின்னக் குழி கடைசி வரைக்கும் கூடவே வரும், வந்து, உள்ளே வெள்ளையாகப் பாலிஷ் மாவை அடைத்துக்கொண்டு பல்லைக் காட்டும். மூன்று வழிகளையும் நான் எடைபோடுவது இந்த முதல் கட்டத்தை வைத்துத்தான்.

சரி, பெங்களூரில் என்ன கல் கிடைக்கும்? ஊரே பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. லால்பாக்கில் கெம்பே கௌடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழசு. பெனின்சுலர் நைஸ் என்று பெயர், மைசூர் சமஸ்தானத்துப் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் 1916-ல் வைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறது. போய்ப் பாருங்கள், உட்காருங்கள், ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள். எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம். நைஸ், கிரானைட் இரண்டிலுமே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா எல்லாம் கலந்து கிடக்கும். குவார்ட்ஸின் கடினம், கல்லின் கடினத்தை 1-ல் இருந்து 10 வரை அளக்கும் மோஸ் அளவில், 7, ஃபெல்ட்ஸ்பார் 6, மைக்கா மூன்றைத் தாண்டாது. டம்ப்ளரில் போட்டால் மைக்கா முதலில் தேய்ந்து குழி விழும், பக்கத்தில் இருக்கிற பரல் பிடிப்பில்லாமல் பெயரும், மாதம் முழுக்க ஓட்டினாலும் வழவழப்பாக ஆகுமே தவிர மின்னாது. "அப்போ சமையல் மேடை கிரானைட் மட்டும் எப்படிப் பளபளக்குது?" என்று கேட்பீர்கள். அது தட்டையான பலகை, வைரப் பட்டைகளை வைத்து மேலே இருந்து அழுத்தித் தேய்க்கிறார்கள், பல பலகைகளில் ரெசின் ஊற்றிக் குழிகளை அடைத்தும் விடுகிறார்கள். உருண்டைக் கல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் ஜல்லியும் இதே கதைதான்.

மெஷினுக்குப் பிடித்த கல் அகேட், ஜாஸ்பர், கார்னீலியன் குடும்பம். பரலே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமான சிலிக்கா, கடினம் ஆறரையில் இருந்து ஏழு, கல் முழுக்க ஒரே சீர். இதெல்லாம் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் விளைந்தது, அதனால் பெலகாவி, விஜயபுரா, கலபுரகி பக்கமும், கிருஷ்ணா, பீமா, நர்மதை ஆற்றுச் சரளையிலும் கிடைக்கும், பெங்களூர் மண்ணில் தேடினால் கிடைக்காது. சண்டூர், சித்ரதுர்கா வட்டாரத்தில் இரும்போடு சேர்ந்த சிவப்பு ஜாஸ்பர் பட்டை பட்டையாக உண்டு, மெருகேறினால் அழகு, ஆனால் அது சுரங்கப் பகுதி, நாமாகப் போய்ப் பொறுக்கும் இடம் இல்லை. குஜராத்தில் ரத்தன்பூரில் வெட்டி, கம்பாத்தில் வேலை பார்த்து மணி கோக்கிற தொழில் ஹரப்பா காலத்தில் இருந்து தொடர்ந்து வருகிறது. வெட்டியெடுத்த பழுப்புக் கல்லைச் சூடேற்றி, அதில் இருக்கிற இரும்பைச் சிவக்கவைத்துக் கார்னீலியன் ஆக்கும் வித்தையும் அங்கேதான். இன்றைக்கு ஆன்லைனில் கிலோ கணக்கில் வருகிற மெருகேற்றாத அகேட் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சரக்கு. உடைத்த கல்லாகத்தான் வரும். ஒரு பக்கம் கத்தி மாதிரி விளிம்பு, மறுபக்கம் மேல்தோல். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கத்துக்கு வந்தால், ஊருக்குப் போகும் வழியில் கிருஷ்ணகிரி, சேலம், கரூர் எல்லா இடத்திலும் வயல் ஓரத்தில் வெங்கச்சங்கல் பார்க்கலாம். அதுவும் குவார்ட்ஸ்தான், மெருகேறும், ஆனால் உள்ளே கோடு கோடாக விரிசல் இருந்தால் பேரலுக்குள் இடித்து இடித்து ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். கரூர், காங்கேயம் வட்டாரம் ரத்தினக்கல் பூமி. கொடுமணலில் அகழ்ந்தபோது பச்சைக்கல் (பெரில்), கார்னீலியன், படிக மணி செய்த பட்டறைகளே கிடைத்தன, பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வெட்டிய சுரங்கமும் இருந்தது. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கிற வெள்ளைக் கல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மேக்னசைட், கடினம் நாலைச் சுற்றித்தான், அகேட்டோடு சேர்த்துப் போட்டால் அகேட் அதைத் தின்றுவிடும்.

எங்கே பொறுக்கினாலும் யாருடைய நிலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்டில் கிடக்கும் கல்லும் 1927-ம் வருடத்து இந்திய வனச் சட்டத்தில் வனப்பொருள் கணக்குதான். முத்தத்தி, சங்கமா பக்கம் காவிரிக்கரைக்குப் போகிறவர்கள் கூழாங்கல்லைப் பார்த்ததும் பையைத் திறக்கிறார்கள், அதில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். சொந்தக்காரர் நிலத்தில், கேட்டு எடுத்தால் மனசுக்கும் நிம்மதி.

வாங்கினாலும் பொறுக்கினாலும் சோதனை ஒன்றுதான். பழைய பாட்டிலில் கல்லின் விளிம்பை வைத்து இழுங்கள், கண்ணாடி கீறினால் கல் தேறும். சமையலறைக் கத்தி கல்லைக் கீறினால் ஓரமாக எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் வினிகர் ஒரு சொட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு இனம். பிறகு தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள், நனைந்த கல்லில் என்ன நிறம் தெரிகிறதோ கிட்டத்தட்ட அதுதான் மெருகேறின பின்னும் தெரியும், நனைத்தும் மங்கலாகவே இருக்கிற கல்லுக்காக ஒரு மாதம் கரண்ட் செலவழிக்க வேண்டாம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் "டம்ப்ளருக்கு ஏற்ற கலவை" என்று அனுப்பிய பையில் அகேட்டோடு கால்சைட்டும் ஃபுளோரைட்டும் கலந்து வந்தன. கால்சைட் 3, ஃபுளோரைட் 4. பையில் இருக்கிறதை அப்படியே கொட்டி ஓட்டியிருந்தால் ஒரு வாரத்தில் அவை இருந்த இடம் தெரிந்திருக்காது.

இப்போது கைக்கு வருவோம், ஏனென்றால் இதற்குச் செலவு மிகக் குறைவு. பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்கிற கறுப்புத் தாள் போதும், 120, 220, 400, 600, 1000, 2000 என்று ஒவ்வொன்றில் ஒன்றிரண்டு. ஹார்டுவேர் கடை எல்லாவற்றிலும் இருக்கும். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் நனைத்த தாள், மேலே சில சொட்டுத் தண்ணீர். கல்லை அழுத்தாமல் முன்னும் பின்னும் ஒரே திசையில் ஓட்டுங்கள். வெள்ளைச் சேறு கிளம்பும், கழுவித் துடைத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கோடெல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் அந்தத் தாளின் வேலை முடிந்தது. அடுத்த தாளில் கல்லைக் குறுக்காகத் திருப்பி ஓட்டுங்கள், பழைய கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் புதுக்கோடுகளுக்கு நடுவே தனியாகத் தெரிந்துவிடும். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை வேலையில் பாதி கிணறு தாண்டின மாதிரி.

மென்மையான கல்லுக்கு இதை அடிக்க ஆள் இல்லை. மாக்கல் இருக்கிறதே, பாட்டி வீட்டுக் கல்சட்டி செய்கிற அதே கல், அதை ஒரு சாயங்காலத்தில் தேய்த்து வழவழப்பாக்கி, 1000 தாளுக்கு அப்புறம் கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ தடவினால் கறுத்து மினுங்கும். பேலூர், ஹளேபீடு கோயில்களில் ஹொய்சாளர்கள் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கியதும் இந்தச் சோப்புக்கல் உறவுக்காரக் கல்லில்தான், கடைசல் பிடித்த தூண்கள் இன்றைக்கும் வழவழவென்று நிற்கின்றன. இதைக் கொண்டுபோய் டம்ப்ளரில் போட்டால் சேறுதான் மிஞ்சும். சலவைக்கல், சுண்ணாம்புக்கல் எல்லாவற்றுக்கும் கைதான் சரி.

ஆனால் அகேட்? 120 தாள் மொட்டையாகிவிடும், கல் அப்படியே இருக்கும். விரல் நுனி தேயும். உடைந்த விளிம்பை உருட்டுவதற்குள் ஆர்வமே போய்விடும், பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் போனைத் தேடுவார்கள். கையில் அகேட் செய்தே தீருவேன் என்றால் ஒரு தட்டை முகத்தை மட்டும் செய்யுங்கள், 2000 தாளுக்கு மேல் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்துப் பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்தால், கண்ணாடிக்காரர்கள் கீறல் எடுக்கப் பயன்படுத்துகிற அதே பொடிதான், ஜன்னல் மாதிரி ஒரு முகம் திறக்கும். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்: உலர்ந்த கல்லைத் தேய்க்கவே கூடாது. சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். கம்பாத்தில் அகேட் தேய்க்கும் தொழிலாளர்களைச் சிலிக்கோசிஸ் தலைமுறை தலைமுறையாக வாட்டுகிறது. எப்போதும் ஈரத்தில் தேய்த்து, சேறு காய்வதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மூடிய பேரல் எவ்வளவோ தேவலை.

ரோட்டரிக்கு வருகிறேன். இரண்டு உருளைகள், மேலே படுத்த வாக்கில் ஒரு பேரல், உள்ளே கல், தண்ணீர், பொடி. பேரல் சுற்றும்போது கற்கள் ஒரு பக்கமாக ஏறி, மேலே இருக்கிற அடுக்கு சரிந்து இறங்கும், அந்தச் சரிவில்தான் தேய்மானம் நடக்கிறது. அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கில் இருந்து முக்கால் வரை நிரப்பச் சொல்கிறார்கள், குறைந்தால் கற்கள் விழுந்து இடித்துக்கொள்ளும், நிறைந்தால் சரியவே இடமிருக்காது. தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போதும். 3 பவுண்டு பேரல் என்றால் கொரகொரப்புப் பொடி 4 மேசைக்கரண்டி. பெரிசும் சிறிசுமாகக் கலந்து போடுங்கள், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இடுக்குகளில் உரசல் போகாது. ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம், நாலு கட்டத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. கம்பாத் சரக்கு மாதிரி உடைந்த கல்லுக்கு அந்தக் கணக்கை நம்பாதீர்கள், முதல் கட்டத்தையே புதுப்பொடி போட்டு இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கும். கல்லின் எடையில் கால் பங்கு போனாலும் ஆச்சரியம் இல்லை.

ஒரு வாரம் ஓடின பேரலைத் திறப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுகமே. ரப்பர் மூடி லேசில் வராது, விளிம்பில் விரலைக் கொடுத்து நெம்பினால் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். உள்ளே சாம்பல் நிறத்தில் தோசை மாவுப் பதத்தில் ஒரு கலவை, அதில் கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கையை விட்டுத் துழாவினால் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வரும். வாளித் தண்ணீரில் அலசி எடுத்தால் போன வாரம் விரலைக் கிழித்த விளிம்பு காணாமல் போயிருக்கும், மேல்தோல் விலகின இடத்தில் ஒரு சிவப்பு வளையம் எட்டிப் பார்க்கும். குழி போகாத கல்லைத் தனியே வைத்து அடுத்த முதல் கட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள், இரக்கம் பார்க்க வேண்டாம்.

அந்த மாவை சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள். கல் பொடியும் கார்பைடும் சேர்ந்து குழாய் வளைவில் போய்ப் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஃபிளாட்டில் நம் வீட்டுக் குழாய் அடைத்தால் கீழ் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் அடைக்கும். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் வெளியே ஓரமாக ஊற்றிவிட்டு, அடியில் தங்கினதை உலரவிடாமல் ஈரமாகவே கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இன்னொன்று, பேரலுக்குள் சில கற்கள் வாயு கிளப்பும். முதல் இரண்டு மூன்று நாள் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள், மூடி உப்பியிருந்தால் கண்டிப்பாக.

சத்தம். பேரல் பிளாஸ்டிக்காக இருந்தால் கல் மழை பெய்கிற சத்தம், ராத்திரி பகல் பாராமல். ரப்பர் பேரலில் அது ஒரு முனகலாகக் குறையும், அடியில் யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் இன்னும் குறையும். அப்படியும் கீழ் வீட்டு அக்கா லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ராத்திரியெல்லாம் என்ன அரைக்கிறீங்க?"

"கல்லுக்கா."

"கல்லா? அரிசியில கெடக்குற கல்லப் பொறுக்கித் தூக்கிப் போடவே எங்களுக்கு நேரம் பத்தல, நீங்க காசு குடுத்து வாங்கி அரைக்கிறீங்களா?"

அல்சூர்க்காரர், பேச்சில் ஜெயிக்க முடியாது. மெருகேறின கார்னீலியன் ஒன்றைக் கொடுத்தேன், பூஜை அலமாரியில் இருக்கிறது, புகார் நின்றது. ஆனால் சத்தத்துக்குப் பயந்து மெஷினைப் பெட்டிக்குள் மூடி வைத்துவிடாதீர்கள், மோட்டார் சூடேறி எரியும்.

கரண்ட் செலவு பெரிய விஷயமே இல்லை. 20 வாட் மோட்டார் என்று வைத்துக்கொண்டால் இரவும் பகலும் ஓடினாலும் நாளுக்கு அரை யூனிட்டுக்குள், மாதம் 14, 15 யூனிட். இலவச மின்சாரக் கணக்கின் விளிம்பில் இருக்கிற வீடு என்றால் மட்டும் கவனம். கரண்ட் போய் வந்தாலும் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

இனி வைப்ரேட்டரி. கிண்ணம் மாதிரி ஒரு தொட்டி, அடியில் மோட்டார், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் நடுக்கம். கல் உருளாது, இருந்த இடத்திலேயே நடுங்கி உரசிக்கொண்டு மெதுவாகச் சுற்றிவரும். பீன்யாவில் லேத் பட்டறை, பிரஸ் பட்டறைப் பக்கம் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், உலோகப் பாகங்களில் பிசிறு எடுக்க வைப்ரோ மெஷின் என்று ஓட்டுகிறார்களே, அதன் தம்பிதான். அங்கே போடுகிற செராமிக் மீடியா நமக்கும் உதவும், கற்களுக்கு நடுவே போட்டால் மெத்தை மாதிரி இருந்து இடிபடாமல் காக்கும்.

இதன் பலம் வேகம். ரோட்டரியில் ஒரு வாரம் எடுக்கிற 500 கட்டம் இதில் ஓரிரு நாள், பாலிஷும் அப்படியே. பொடியும் கொஞ்சம் போதும். உருவத்தை மாற்றாது என்பதால் படிக முனை, செதுக்கின உருவம், வெட்டின துண்டு எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. விரிசல் கண்ட வெங்கச்சங்கல்லைக்கூடப் பூக்கவிடாமல் பதமாகக் கொண்டுவரும். ஆனால் உருவத்தை மாற்றாது என்பதே இதன் பலவீனமும். கத்தி விளிம்பும் குழியுமாக வந்த கம்பாத் கல்லைப் போட்டால், விளிம்பும் குழியும் அப்படியே இருக்க, மேலே மட்டும் பளபளப்பு ஏறும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் என்றால் கதையே வேறு. முதல் கட்ட வேலையை ஆறு முடித்துக் கொடுத்துவிட்டது, நீங்கள் 120/220-ல் ஆரம்பித்து ஒரே வாரத்தில் முடிக்கலாம். கையில் இருப்பது முழுக்க நல்ல ஜாதி ஆற்றுக்கல்தான் என்றால் என் ஓட்டு இங்கே மாறுகிறது, ரோட்டரியை மறந்துவிடலாம்.

கூடவே சில தலைவலிகள். இதில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போக முடியாது, கல் நனைந்து பளபளக்கிற அளவுக்குத்தான் ஈரம். கூடினால் பொடி அடியில் போய்த் தங்கி வேலை நடக்காது, காய்ந்தால் கற்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டு சுற்றுவது நின்றுவிடும். அரை நாளுக்கு ஒரு தடவை பார்த்து ஸ்ப்ரே பாட்டிலால் தெளிக்க வேண்டும். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு வீடு வருகிறவருக்கு இது ஆகாது, ரோட்டரியோ ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை திறந்தால் போதும் என்று இருக்கும். அதிர்வு தரை வழியாகப் பரவும், ரோட்டரியின் முனகலைவிட இந்த 'ங்ங்' பக்கத்து அறையில் அதிகம் கேட்கும். தொட்டியை ஏறக்குறைய நிரப்பினால்தான் சரியாகச் சுற்றும், நாலே நாலு கல் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

இதில் வோல்டேஜ் சிக்கலும் உண்டு, இரண்டு மெஷினுக்கும். அமெரிக்காவில் இருந்து வருகிறவரிடம் சொல்லி தம்லர்ஸ் என்கிற அமெரிக்க பிராண்டு டம்ப்ளர் ஒன்றை எடுத்துவரச் சொல்லலாம் என்று பலருக்கும் ஆசை வரும். அந்த ஊர்ச் சந்தைக்குச் செய்த மோட்டார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கு. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸ் மாறாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மாதிரி இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் கூடுதல். ரோட்டரி என்றால் மெதுவாக உருண்டாலும் வேலை நடக்கும், நாள் கூடும், அவ்வளவுதான். வைப்ரேட்டரிக்கு அதிர்வின் வேகம்தான் உயிர், அது குறைந்தால் கல் சுற்றுவதே சோம்பிவிடும். 230 வோல்டுக்கென்றே விற்கிற மெஷினை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பிள்ளைகளுக்கென்று வரும் நேஷனல் ஜியாகிராஃபிக் மாதிரிப் பெட்டிகளில் அடாப்டர் கூடவே வரும், அதிலும் வோல்டேஜ் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், ராத்திரி சத்தத்துக்கும் தயாராக இருங்கள்.

கை வேலை தெரிந்தவர்கள் நாலாவதாக ஒன்று கேட்பார்கள்: நாமே செய்தால் என்ன? செய்யலாம். ஜே.சி. ரோட்டில் பழைய வைப்பர் மோட்டார், எஸ்.பி. ரோட்டில் பவர் சப்ளை, பேரிங், இரண்டு கம்பி, தடித்த பி.வி.சி. குழாய்த் துண்டுக்கு இரண்டு பக்கமும் மூடி. செலவைவிடத் தலையைச் சொறிகிற நேரம் அதிகம். வேகம் முக்கியம், அதிகமாகச் சுற்றினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டே வரும், உரசாது. உள்பக்கம் சைக்கிள் டியூப் ஒட்டாவிட்டால் அடுக்குமாடியில் பெயர் கெட்டுப்போகும். மோட்டார் கட்டுவதில் உங்களுக்குச் சுகம் என்றால் செய்யுங்கள், கல்லில் சுகம் என்றால் வாங்கிவிடுங்கள்.

மெருகேறின கல்லையே கடையில் வாங்கிவிடலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. கணக்குப் போட்டால் அதுதான் லாபம், கம்பாத்தில் பெரிய பீப்பாய்களில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களோடு யுட்டிலிட்டியில் ஒரு கிலோ ஓட்டுகிறவர் விலையில் போட்டி போட முடியாது. கண்ணைப் பறிக்கிற நீலம், ரோஸ் அகேட் பார்த்தால் சாயம் ஏற்றினது என்று தெரிந்து வாங்குங்கள். சித்தாபுரா நர்சரிகளில் மூட்டையாக விற்கிற வெள்ளைக் கூழாங்கல் தொட்டிச் செடிக்கு நன்றாக இருக்கும், அதன் பளபளப்பு மேல்பூச்சா சொந்த மெருகா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

பொடி விஷயத்தில் நமக்குக் கவலை இல்லை. சிலிக்கான் கார்பைடு நம் நாட்டிலேயே தயாராகிறது, முருகப்பா குழுமத்துக் கார்போரண்டம் யுனிவர்சல், தலைமையிடம் சென்னை. இறக்குமதி டம்ப்ளர் கிட்டில் வரும் சின்னப் பாக்கெட்டை மறுபடி மறுபடி வாங்காமல், பெயரும் எண்ணும் சொல்லி அப்ரேசிவ் கடையில் கிலோவாகக் கேட்டால் மலிவு. பாலிஷுக்கு மட்டும் நல்ல அலுமினியம் ஆக்சைடுக்குச் செலவு செய்யுங்கள், கரண்டிக் கணக்கில்தான் செலவாகும்.

ரோட்டரி என்று முடிவு செய்தால் காசு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இரண்டாவது பேரல் ஒன்று வாங்கி, அதில் 'பாலிஷ்' என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். முதல் கட்டப் பொடியில் ஒரே ஒரு பரல் மூடி இடுக்கில் ஒளிந்திருந்து கடைசி வாரத்தில் வெளியே வந்தால் பேரல் முழுக்கக் கீறிவிடும், பழைய டூத் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பயம் போகாது. அந்தப் பேரலிலேயே கடைசியாக வாசனையோ மாய்ஸ்சரைசரோ இல்லாத பார் சோப்பைக் கொஞ்சம் துருவிப் போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஓட்டினால் இடுக்கில் தங்கின பாலிஷ் மாவு கழன்றுவிடும். மெருகு இன்னும் கொஞ்சம் கூடும். பிற்பாடு ஆசை வளர்ந்து வைப்ரேட்டரியும் வாங்கினால் ரோட்டரியை விற்க வேண்டாம், முதல் கட்டத்தை அதிலும் மிச்சத்தை இதிலுமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், மாதக்கணக்கு பாதியாகக் குறையும்.